தர்பூசணிகளுக்கு நடுவே ஒரு பியர் வாளி

எங்கள் லெபனான் மலையூரான ஐன் சிந்தியானில் நக்லே ஹத்தாதைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் அவன் ஊருக்குத் திரும்பி வந்த முதல் மாதத்தில் அவனை யாருக்கும் பிடிக்கவும் இல்லை. பெய்ரூட் கடற்கரை ஓட்டல் ஒன்றின் பாரில் முப்பது வருஷம் நின்ற மனிதன் அல்லவா, காபி குடிக்க எந்த வீட்டுக்குப் போனாலும் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்ப்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, கை பழகிவிட்டது. அதை எங்கள் ஊர்ப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள்.

கல் உடைக்கும் தன்னூஸின் கடைசி மகன் அவன். அப்பாவின் சம்மட்டி தன் தோளுக்கு ஆகாது என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டு, மீசை முளைத்த கையோடு பெய்ரூட்டுக்குப் போனான். கிளாஸ் கழுவினான். உள்நாட்டுச் சண்டை நடந்த வருஷங்களில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றும் கிளாஸ் கழுவினான். பிறகு கறுப்பு வில் டை கட்டிக்கொண்டு பியர் ஊற்றினான். குழாயில் வரும் சத்தத்தை வைத்தே பீப்பாய் தீரப் போகிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் அந்தப் பீப்பாய்க்குள் இருப்பது எப்படி உண்டாகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பீப்பாய் வரும், மாட்டுவான், ஊற்றுவான், அவ்வளவுதான்.

துறைமுகம் வெடித்த அன்று ஓட்டலின் கண்ணாடியெல்லாம் உதிர்ந்தது. முதலாளி திரும்பக் கண்ணாடி போடவில்லை. நக்லேயின் சேமிப்பு வங்கியில் பத்திரமாக இருந்தது, எடுக்க மட்டும்தான் முடியாது. எங்கள் லிரா நோட்டோ காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று உருண்டு போய்க்கொண்டிருந்தது. மனைவி நுஹாத்தையும் நாலு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறி அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தான். மகள் ரீத்தா ஸஹ்லேயில் நர்ஸ் படிப்பில் இருந்தாள்.

அப்போதுதான் ஆப்பிரிக்காவில், அபிஜானிலிருந்து போன் வந்தது. நுஹாத்தின் அண்ணன் கத்தாஸ் அங்கே துணி வியாபாரம் செய்கிறவன். குரலிலேயே காசு தெரியும்.

"மச்சான், செப்டம்பர்ல சிலுவைத் திருநாளுக்கு நான் ஊருக்கு வர்றேன். திரும்பறப்ப நீயும் என்கூட வர்ற. கிடங்குக்கு நம்பிக்கையான ஆள் வேணும். விசா வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"எத்தனை வருஷத்துக்கு?" என்றான் நக்லே.

"போறவன் எவன்டா அதைக் கேக்கறான்? நான் ரெண்டு வருஷம்னுதான் வந்தேன். இப்பத் தலையில முடியே இல்ல."

நக்லே போனைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். ஐம்பது தாண்டிய வயதில் கண்காணாத ஊரில் கிடங்குக் கதவைக் காக்க அவனுக்கு மனசே இல்லை. நுஹாத்துக்கும் இல்லை. ஆனால் அவள் கணக்கு தெரிந்தவள். குளிர்காலத்துக்கு அடுப்பெண்ணெயும் ரீத்தாவின் கட்டணமும் எங்கிருந்து வரும் என்று கேட்டாள்.

"திருநாளுக்குள்ள ஒரு வழி பண்ணு, நக்லே. பண்ணினா இரு. இல்லேன்னா அண்ணன்கூடக் கிளம்பு. நான் அழுதுகிட்டாவது பெட்டி கட்டித் தர்றேன்."

அந்த வழி, கோயில் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாயிலிருந்தே தவறி விழுந்தது. பாதிரியார் அபூனா யூவாகிம் புலம்பிக்கொண்டிருந்தார். திருநாளன்று குன்றின் மேல் தீ மூட்டி ஊரே ஆடும், பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள், பானக் கடையில்தான் கோயிலுக்கு நாலு காசு வரும். இந்த வருஷம் ஒரு பாட்டில் பியர் வாங்க ஒரு நாள் கூலி வேண்டும். சோம்புச் சாராயமான அரக் எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான். ஆனால் ஆடிவிட்டு வருகிற பையன்கள் அரக்கை மடக்மடக்கென்று குடித்தால் அப்புறம் அவர்களைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

"பியர் தானே அபூனா, நானே செஞ்சு தர்றேன்" என்றான் நக்லே.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அபூனா, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொருவன் நக்லே.

பக்கத்து வீட்டு உம் ஹபீப் மட்டும் சிரித்ததோடு நிற்கவில்லை. "ஊத்தத் தெரிஞ்சவனுக்கெல்லாம் செய்யத் தெரியுமா? எனக்குக்கூடத்தான் டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கத் தெரியும்" என்றாள். அறுபது வயதைத் தாண்டிய விதவை. அவள் கூரையும் நக்லேயின் கூரையும் ஒட்டிக்கொண்டு இருந்தன, நடுவில் முழங்கால் உயரச் சுவர். அந்தச் சுவர் அவள் மூக்கைத் தடுக்கும் அளவுக்கு உயரமில்லை.

மின்சாரம் வந்த நேரங்களில் நக்லே போனில் பியர் காய்ச்சும் படங்கள் பார்த்தான். வெளிநாட்டுக்காரர்கள் பளபளக்கும் எஃகுப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு ஆயிரம் அளவுமானிகளைப் பார்த்துப் பேசினார்கள். இவனிடம் இருந்தது பால்பண்ணைக்காரன் தூக்கிப் போட்ட லப்னே தயிர் வாளி, நுஹாத்தின் துணி துவைக்கும் எந்திரத்தின் ரப்பர்க் குழாய், கோழிக்குப் போடும் பார்லி, ரொட்டிக் கடை ஈஸ்ட். எந்திரத்தின் குழாயைக் கழற்றியபோது நுஹாத் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கரண்டே இல்ல, அதை வெச்சு என்ன துவைக்கப் போற?" என்றான்.

"கரண்ட் வந்தா?"

"வந்தா மாட்டிடறேன்."

அந்தக் குழாய் அப்புறம் எந்திரத்துக்குத் திரும்பவே இல்லை. வாளி மூடியில் ஓட்டை போட்டு ஒரு முனையைச் செருகி, மறு முனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் விட்டான். உள்ளே இருக்கும் காற்று குமிழ் விட்டு வெளியே போகும், வெளிக் காற்று உள்ளே வராது.

பார்லியை ஊறப்போட்டு முளைக்க வைத்து, காய வைத்து, உடைத்து, சுடுதண்ணீரில் போட்டு மூடி வைக்க வேண்டும். முளையில் இருக்கும் ஏதோ ஒன்று மாவைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்னும். தண்ணீர் அதிகம் சுட்டாலும் காரியம் கெட்டது, ஆறினாலும் கெட்டது. சூடு பார்க்கும் கருவி வாங்க வழியில்லை. ஆனால் முப்பது வருஷம் காபிக்குப் பால் நுரைக்க வைத்த கை அது. குவளையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, இனி தாங்காது என்று கை தானாக விலகுகிற அந்த இடத்தில் பால் சரியாக இருக்கும். பார்லிக்கும் அதே இடம்தான் என்று கண்டுபிடித்தபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்து போனது. ஓட்டலில் வீணாகப் போனதாக நினைத்த வருஷங்கள் மொத்தமும் வீணில்லை என்று நுஹாத்திடம் சொன்னான்.

முதல் வாளி ஜூன் மாதச் சமையலறைச் சூட்டில் நுரைத்துத் தள்ளியது. வடித்து ஒரு வாய் குடித்த நுஹாத், முகத்தைச் சுளிக்காமல் இருக்க நிஜமாகவே முயற்சி செய்தாள்.

"சொல்லு" என்றான் நக்லே.

"பழைய ரொட்டியை ஊற வெச்சு, உன் சாக்ஸ்ல வடிகட்டின மாதிரி இருக்கு."

சூடுதான் சனியன் என்று அவனுக்குப் புரிந்தது. குளிர்சாதனப் பெட்டி மின்சாரம் இல்லாமல் வெறும் அலமாரியாகிவிட்டது. ஊரில் கோடையிலும் சில்லென்று இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, ஊற்று விழும் கல்தொட்டி. எல்லா வீட்டுத் தர்பூசணியும் அதில்தான் மிதக்கும். நக்லே தன் வாளியைக் கழுத்து வரை அதில் இறக்கி, கல்லைக் கட்டி நிறுத்தினான். மறுநாள் காலை உம் ஹபீப் தன் தர்பூசணியை எடுக்க வந்து, வாளியைப் பார்த்துவிட்டு ஊர் கேட்க ஒரு பாட்டம் கத்தினாள்.

"என் பழத்துக்குப் போதை ஏறினா யார்டா பொறுப்பு?"

"ஏறினா எனக்கே வித்துடுங்க, உம் ஹபீப். நல்ல விலை தர்றேன்."

"மூஞ்சியப் பாரு, விலை தர்றவன் மூஞ்சிய." சொல்லிவிட்டு, வாளி சாய்ந்திருந்ததைப் பார்த்து, அவளே குனிந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

கசப்புக்கு, தேநீரில் போடுகிற ஷீபா இலையையும் கிடாரங்காய்த் தோலையும் போட்டான். அந்த இரண்டாவது வாளி வேறு பிறவி எடுத்திருந்தது. அபூனா யூவாகிம் ஒரு கிளாஸ் குடித்தார். நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் காலிக் கிளாஸை மறுபடி நீட்டினார். பானக் கடை நக்லேக்கு என்று முடிவானது. வருகிற லாபத்தில் கோயிலுக்குப் பாதி, அவனுக்குப் பாதி.

திருநாளுக்கு வேண்டிய இரண்டு மூட்டை பார்லிக்குக் கையில் காசில்லை. சமவெளியில் ஆடு மேய்க்கும் ஒருவனின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. நக்லே தன் ஓட்டல் கோட்டையும் காற்சட்டையையும் கறுப்பு வில் டையோடு கொடுத்து மூட்டைகளைத் தூக்கி வந்தான். மாப்பிள்ளை அன்று பார்க்க ஓட்டல் பணியாளன் போலவே இருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பார்லி நிலவறைக் குளிர்ச்சியில் அழகாக முளைவிட்டது. ஆகஸ்ட் நடுவில் அதைக் கூரையில் காயப் போட்டான். அந்த நேரம் பார்த்துச் சமையல் வாயு தீர்ந்தது. வாயு இல்லாமல் பியர் ஏது? நுஹாத் ரீத்தாவிடம் போயிருந்தாள். நக்லே காரை எடுத்துக்கொண்டு கீழே போனான். முதலில் பெட்ரோலுக்கு வரிசை, பிறகு வாயு உருளைக்கு வரிசை. இரவு காரிலேயே தூங்கி மறுநாள்தான் திரும்பினான்.

வந்ததும் கூரைக்கு ஓடினான். பார்லி கலைந்திருக்கவில்லை. அவன் விட்டுப் போனதைவிட ஒழுங்காக, விரல் அகலத்துக்குச் சீராகப் பரப்பியிருந்தது. முளை வேர்கள் உதிர்ந்து மணிகள் பொன்னிறமாக இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் உம் ஹபீப்பின் கோதுமை காய்ந்துகொண்டிருந்தது. அது ஊரில் புர்குல் போடும் காலம். கோதுமையை அண்டாவில் வேகவைத்து, கூரையில் காயவைத்து, உடைத்து, வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள்.

"உன் தானியத்தைக் காப்பாத்திட்டேன்டா, நக்லே" என்றாள் உம் ஹபீப். "நீ பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்ட."

பனியில் நனையாமல் கிளறி மூடி வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். "உங்க கைக்குக் குறை வராது, உம் ஹபீப்" என்று மனமார நன்றி சொன்னான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது அந்தக் கோடையில் அதுதான் முதல் தடவை.

காய்ந்ததை எல்லோருடைய புர்குலோடும் சேர்த்து மில்லில் உடைத்து வந்தான். நுஹாத்தும் திரும்பியிருந்தாள். முதல் அண்டா முற்றத்தில் ஏறியது. கை தாங்காத சூட்டில் பார்லியைக் கொட்டிப் போர்வை சுற்றி வைத்தான். போன தடவை ஒரு மணி நேரத்தில் அது தேன் கலந்த மாதிரி இனித்தது. இந்தத் தடவை தொட்டு நக்கினால் கஞ்சி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டான். அப்போதும் கஞ்சி. நுஹாத்தைக் கூப்பிட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு போட்டா சூப்பு" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

காயத்துக்குப் போடும் அயோடினை ஒரு வெள்ளைத் தட்டில் சொட்டி, அண்டாத் தண்ணீரை அதில் ஒரு துளி விட்டான். கறுத்துப் போயிற்று. மாவு மாவாகவே இருக்கிறது, ஒரு பொட்டு சர்க்கரை இல்லை. எங்கே தப்பு? தண்ணீரா, கையா, பார்லியா?

மேலேயிருந்து உம் ஹபீப் எட்டிப் பார்த்தாள். "என்னடா இவ்வளவு நேரம்? ஏற்கனவே வெந்ததுதானே, சட்டுனு ஆயிடணுமே."

நக்லே மெல்ல நிமிர்ந்தான். "எது வெந்தது?"

"உன் பார்லிதான். அன்னிக்கு நீ போட்டுட்டுப் போனது ஈரத்துல வேர் விட்டுக் கிடந்துச்சு. பாவம், பட்டணத்துல இருந்தவன், தானியம் கெட்டுப் போறதுகூடத் தெரியலைன்னு, எங்க கோதுமையை எடுத்ததும் அதே அண்டாவில போட்டு வேக வெச்சு, திரும்பப் பரப்பி வெச்சேன். நாலு பொம்பளைங்க இடுப்பொடிஞ்சு தூக்கினோம்."

கோதுமைக்கு இந்த மலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவள் செய்தாள். வேறு ஊரில் வேறு யாருக்கும் இந்த உதவி செய்யத் தோன்றியிருக்காது. கொதிக்கிற தண்ணீரில் முளையின் உயிர் போய்விட்டது, இனி அது மாவைத் தொடாது.

நக்லே கத்துகிறவன் இல்லை. அன்று கத்தினான். "யார் கேட்டா உங்களை? முளைதான் வேலைக்காரனே. அவனை உயிரோட வேக வெச்சிட்டு, காப்பாத்தினேன்னு சொல்றீங்க. பச்சையா முளைச்சது கொஞ்சம் இருந்தாலும் போதும், இந்த வெந்ததையும் சேர்த்து இனிப்பாக்கிடும். இப்ப எங்கே போவேன் அதுக்கு? ஒரு பிடி பார்லி கிடையாது. நான் அபிஜானுக்குப் போறேன், நீங்க நிம்மதியா இருங்க."

உம் ஹபீப் வாய் திறக்கவில்லை. அவள் வாய் மூடி நாங்கள் பார்த்ததே இல்லை. கூரையிலிருந்து இறங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நுஹாத் அலமாரி மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, ஈரத்துணியால் தூசி துடைத்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. உம் ஹபீப் நின்றாள். கையில் பெரிய தட்டு, அதில் ஈரப் பஞ்சு, பஞ்சின் மேல் ஊறிய பார்லி.

"இது எவ்வளவு நீளம் முளைக்கணும்?" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்தாள்.

நக்லே தட்டைப் பார்த்தான். டிசம்பரில் பர்பாரா திருநாளுக்கு எங்கள் வீடுகளில் தட்டில் கோதுமை முளைக்க வைப்போம், கிறிஸ்துமஸ் குடிலுக்கு அந்தப் பசும்புல்தான் வயல். அதே தட்டு, அதே பஞ்சு.

"ஏது பார்லி?"

"கோழி இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கினேன். ஆளுக்கு ரெண்டு படி தந்தாங்க. அவங்கவங்க வீட்லயே ஊறப் போட்டிருக்காங்க. வாய்விட்டுக் கேளுன்னு என்னைப் படைச்சவன் சொல்லிட்டான், என்ன பண்றது. நீளம் சொல்லு."

நக்லே தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்துக் காட்டினான். "வேர், மணி நீளத்துக்கு வரணும். பச்சை இலை வெளிய வரக் கூடாது. நிழல்ல வைங்க, கிளறி விடுங்க."

"அவ்வளவுதானே. திட்டறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"உம் ஹபீப்" என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணும் பேசாதே. நேத்து பேசினதே வருஷத்துக்குப் போதும்."

ஆகஸ்ட் மாதத்தில் பர்பாராவா என்று அபூனா யூவாகிம் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தார். எல்லா நிலவறையிலும் தட்டு, தாம்பாளம், ரொட்டி சுடும் தகரம். தபால்காரன் மனைவி ஜோர்ஜெத்தின் தட்டு மட்டும் பச்சைப் புல்லாக வளர்ந்து நின்றது. அது அழகாக இருந்ததால் கிள்ள மனம் வரவில்லை என்றாள். ஆட்டுக்குப் போட்டார்கள். மீதி வந்து சேர்ந்தபோது இரண்டு குளிக்கும் தொட்டி நிறைந்தது. காயவைக்க நாள் இல்லை, ஈரமாகவே அரைக்க வேண்டும். கிப்பேக்கு இறைச்சி அரைக்கும் கை எந்திரங்களை எடுத்துக்கொண்டு பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். உம் ஹபீப் நடுவில் உட்கார்ந்து, யார் எந்திரத்தில் வெங்காய வாசம் வருகிறது என்று முகர்ந்து பார்த்து இரண்டு பேரைத் திரும்பக் கழுவ அனுப்பினாள்.

வெந்த பார்லியும் பச்சை முளையும் ஒன்றாக அண்டாவில் விழுந்தன. நக்லே உள்ளங்கையை அண்டாவில் வைத்தான், கை விலகியது, போர்வையைச் சுற்றினான். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நேரம் கழித்து மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து, தான் குடிக்காமல் உம் ஹபீப்பிடம் நீட்டினான்.

அவள் குடித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல்லெல்லாம் கூசுது" என்றாள்.

அதற்கப்புறம் எல்லோரும் விரலை விட்டு நக்கத் தொடங்கினார்கள், நக்லே தடுக்கவே இல்லை. அன்றிரவு நுஹாத்திடம் அவன் சொன்னான், ஓட்டலில் எத்தனையோ பேர் தட்டில் காசு வைத்துப் போயிருக்கிறார்கள், ஒருவர்கூடத் தனக்காக ஒரு வேலை செய்ததில்லை என்று. சொல்லும்போதே அழுதுவிட்டான். நுஹாத் அவன் தலையைத் தடவிக்கொண்டே, இன்னும் பியர் ஆகலை, அதுக்குள்ள அழாதே என்றாள்.

ஊரிலுள்ள லப்னே வாளிகள் எல்லாம் ஊற்றுத் தொட்டியில் இறங்கின. தர்பூசணிகளுக்கு இடம் இல்லை, ஆனால் அந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. பிறகு கழுவிய சோடா பாட்டில்களில், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு அடைத்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கல் மாதிரி இறுகினால் உள்ளே காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். திருநாளுக்கு முந்தைய வாரம் ஊரே போகிற வருகிற போதெல்லாம் பாட்டிலை அமுக்கிப் பார்த்தது.

கத்தாஸ் வந்தான். சிலுவைத் திருநாள் அன்று குன்றின் மேல், வெள்ளைச் சட்டையும் தங்கக் கடிகாரமுமாகப் பானக் கடை முன்னால் நின்றான். சட்டைப் பையில் விசாத் தாள் இருந்தது. முதல் கிளாஸை அவனுக்குத்தான் நக்லே ஊற்றினான், கை பழக்கத்தில் இரண்டு விரல் நுரை நிறுத்தி. கலங்கலான மஞ்சள் நிறம், வாயில் லேசாக வறுத்த புர்குல் வாசம். கத்தாஸ் உதட்டைத் துடைத்தான்.

"பரவாயில்ல மச்சான். ஆனா இதை யார் வாங்குவா? எவன்கிட்டக் காசிருக்கு?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நக்லேக்கும் அதே பயம்தான். ஆனால் தீ மூட்டுவதற்கு முன்பே ஜோர்ஜெத் பக்கத்து ஊரிலிருந்து வந்த நாத்தனார்களை இழுத்துக்கொண்டு வந்தாள். "இதுல எங்க வீட்டுப் பார்லி இருக்கு, குடிச்சுப் பாருங்க." அவள் பார்லி ஆட்டு வயிற்றுக்குப் போனது என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் சம்பந்தி வீட்டாரோடு வந்தாள். தட்டு வைத்த ஒவ்வொரு வீடும் தன் விருந்தாளிகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் கையில் டாலர் இருந்தது. இல்லாதவர்கள் எண்ணெய் டப்பாவும் மாவு மூட்டையும் தருவதாகச் சொன்னார்கள், மறுநாள் தரவும் செய்தார்கள். ஸஹ்லேயில் ஆற்றங்கரை உணவகம் நடத்தும் ஒருவர் மூன்றாவது கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, மாதா மாதம் இதே ருசி தர முடியுமா, முன்பணம் தருகிறேன் என்று கேட்டார். அக்டோபர் கல்யாணம் ஒன்றுக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கத்தாஸ் இதையெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி பாட்டில் தீர்ந்தபோது பக்கத்தில் வந்தான்.

"கிடங்குக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றான். பிறகு தங்கையைப் பார்த்து, "இவனுக்குச் செஞ்ச மாதிரி எனக்கு அங்க யாரும் ஒரு முட்டைகூட வேக வெச்சதில்ல, நுஹாத்" என்றான். அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டாள்.

உம் ஹபீப் குன்றுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நக்லே வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரே பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக இறங்கி வந்தான். அவள் சமையலறையில் ஒற்றை மெழுகுவர்த்தியோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"முழங்காலுக்கு ஒண்ணுமில்ல." அவள் எழுந்திருக்கவில்லை. "எப்பக் கிளம்பற? அதைச் சொல்லு. வழியனுப்பற வேலை எனக்கு ஆகாது. மூணு பையன்களுக்கும் ஏர்போர்ட் வரைக்கும் போனேன், மூணு தடவையும் தனியா திரும்பி வந்தேன். நாலாவதுக்கு என்னைக் கூப்பிடாதே."

நக்லே கிளாஸ் எடுத்து ஊற்றினான். நுரை இறங்கும் வரை காத்திருந்து அவள் முன்னால் வைத்தான்.

"நான் போகல. ஸஹ்லேக்காரர் மாசா மாசம் வேணும்கறார், இதே ருசி வேணும்கறார். அது நீங்க வேக வெச்ச ருசி, உம் ஹபீப். என் பார்லி நான் நெனைச்ச மாதிரியே காஞ்சிருந்தா, எனக்கு மட்டும் ஒரு பியர் வந்திருக்கும். நான் தனியா கடையில நின்னிருப்பேன். அடுத்த பார்லியையும் நீங்கதான் வேக வைக்கணும்."

"கேலி பண்றியா?"

"இல்ல. நன்றி சொல்றேன். எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல."

அவள் கிளாஸைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்ததுங்களை நிறுத்த என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன்டா. அழுதேன், சண்டை போட்டேன், நிலத்தை எழுதித் தர்றேன்னேன். ஒருத்தனும் நிக்கல. உனக்கு நான் ஒண்ணும் பண்ணவே இல்ல, நக்லே. தானியம் கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் வேக வெச்சேன்."

"தெரியும்."

"அப்ப நாளைக்கும் இங்கதானே இருப்ப?"

"இருப்பேன்."

"நாளன்னிக்கு?"

"இருப்பேன், உம் ஹபீப்."

அவள் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தாள். கசக்கிறது என்றாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு கிளாஸ் எடுத்து வந்து, அவனுக்கும் ஊற்றச் சொன்னாள். நக்லே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை, அப்படியே ஊற்றிக் குடித்தான்.